தாணு அத்தானின் மேலண்ணம்

என் அக்காள் புருஷன் தாணு ஐம்பத்தாறு வயது வரைக்கும் எந்தப் பாத்திரத்திலும் வாய் வைத்துக் குடித்ததில்லை. தாய்ப்பால் கணக்கில் வராது. தண்ணீர், காப்பி, மோர், கல்யாண வீட்டுப் பாயசம், எதுவானாலும் தலையை அண்ணாந்து ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வார். ஒரு சொட்டு சட்டையில் சிந்தாது. பொன்முடி மலைப்பாதையில் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, நின்றபடியே பாட்டில் தண்ணீரை அப்படிக் குடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முன் சீட்டிலிருந்த ஒரு குழந்தை கை தட்டியது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாய் வைத்துக் குடிப்பவர்களை அவர் முழு மனிதர்களில் சேர்ப்பதில்லை. நான் வாய் வைத்துக் குடிப்பவன். கரமனையில் அக்காள் வீட்டுக்குப் போனால் எனக்கென்று ஒரு டம்ளர் எடுப்பார்கள், அடியில் ஆணியால் கீறி அடையாளம் போட்டது. முப்பது வருஷமாக அதே டம்ளர்தான். எனக்கு இந்த மனிதரைப் பிடிக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, முன்னமே சொல்லியிருக்கலாமே கோலப்பா என்று கேட்கக் கூடாது.

அவருக்கு வேலை சாலைக் கடைத்தெருவில், மைதீன் முதலாளியின் மொத்த மளிகைக் கடையில். இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கடையின் போன் அவருடையது. நெய்யாற்றின்கரையிலிருந்து நெடுமங்காடு வரைக்கும் சின்னக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் அவரிடம்தான் சரக்கு சொல்வார்கள். மலையாளிகளிடம் மலையாளத்தில் சண்டை போடுவார், தமிழர்களிடம் தமிழில். போன வாரம் எடுத்த துவரம்பருப்பு இன்னும் தீர்ந்திருக்காதே, அதற்குள் எதற்கு இன்னும் இரண்டு சாக்கு என்று கடைக்காரனையே கேட்பார். கேட்கப்பட்டவன் கோபப்பட மாட்டான். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. குரல்தான் ஆள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அத்தான் அந்த வாயை வைத்து வீடு கட்டி, மகளைக் கட்டிக்கொடுத்து, மிச்ச நேரத்தில் என்னையும் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாயின் கூரையில் ஒரு கட்டி வந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு. சூடான சாயா பட்டு வெந்த புண் என்று நினைத்தாராம். நாலு வருஷம் நினைத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் அது நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வலி கிடையாது. வலிக்காத ஒன்றைப் பற்றி வீட்டில் சொல்வது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கடைவாய்ப் பல் ஒன்று ஆடி, அதைப் பிடுங்கப் போன இடத்தில் பல் டாக்டர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டுப் பல்லை மறந்துவிட்டார்.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பிய பத்து நாளும் பகவதி அக்காள் சாப்பிடவில்லை, அத்தான் நன்றாகச் சாப்பிட்டார். முடிவு வந்தது. டாக்டர் ரேஷ்மி, முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, பயம் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்கிளே, பேடிக்கண்டா. இது சாதுக் கட்டியாணு. கான்சர் அல்ல." பெயர் மட்டும் அரை முழத்துக்கு இங்கிலீஷில் இருந்தது. உமிழ்நீர்ச் சுரப்பியில் வருவதாம். ஆனால் விட்டுவைத்தால் இன்னும் வளரும், வேரோடு எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மேலண்ணத்தில் ஓட்டை விழும், மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கும் தட்டு அது. பக்கத்துச் சதையைத் திருப்பி வைத்து அந்த ஓட்டையைத் தைத்து மூடுவோம் என்றார்.

"ஓடு மாத்துற மாதிரிதான்," என்றார் அத்தான் என்னிடம். "ஒழுகாம இருந்தாச் சரி."

ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஒரு ஆள் வேண்டும். கேரளத்தில் அவருக்கு பைஸ்டாண்டர் என்று பெயர். கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிடுவார்கள். எனக்கு வஞ்சியூர் கோர்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. சொந்தக் கடை வைத்திருப்பவனுக்கு வேலை இல்லை என்பது எங்கள் குடும்பத்தின் முடிவு. ஆகவே அட்டை என் கழுத்தில் விழுந்தது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. மூன்று நாள் ஸ்பூனில் ஊட்டினார்கள். நாலாம் நாள் நர்ஸ் ஷிஜா என் கையில் ஒரு தாளைக் கொடுத்து, வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தாள். நீராகாரம் மட்டும். சூடு கூடாது. ஸ்ட்ரா கூடாது. உறிஞ்சக் கூடாது. வாய்க்குள் அழுத்தம் வரக் கூடாது. எல்லாம் தெளிவாக இருந்தது. கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நான் கிளாஸில் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தேன். அத்தான் கிளாஸைப் பார்த்தார். ஆயிரம் பேர் வாய் வைத்த ஆஸ்பத்திரிக் கிளாஸ். தாளை வாங்கி, உறிஞ்சக் கூடாது என்ற வரியில் விரலை வைத்தார். மெல்லிய குரலில், "வாய் வச்சுக் குடிச்சா உறிஞ்சணும் கேட்டியா. உறிஞ்சப்பிடாதுண்ணு எழுதியிருக்கு. அப்ப தூக்கித்தான் குடிக்கணும்," என்றார்.

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. ஒரு வக்கீல்கூட அதை மறுத்திருக்க முடியாது. அவருக்குத் தலை சுற்றல் இருந்ததால் சொம்பைத் தூக்கிப் பிடிக்கக் கை நடுங்கியது. "நீ ஊத்துலே," என்று அண்ணாந்து வாயைத் திறந்தார். ஊற்றினேன். அவர் அளவுக்கு எனக்குக் கை படியவில்லை, கொஞ்சம் இங்கேயும் அங்கேயும் அடித்தது. அடுத்த நாலு நாளும் வேளாவேளைக்கு நான்தான் ஊற்றினேன். ஷிஜா வரும்போதெல்லாம் நாங்கள் குடித்து முடித்திருப்போம். ஒளித்துச் செய்யவில்லை. அப்படி அமைந்தது.

ஒன்பதாம் நாள், வீட்டுக்கு வந்த மறுநாள், அக்காள் கொடுத்த மோர் அத்தானின் மூக்கு வழியாக வந்தது.

திரும்ப ஓடினோம். டாக்டர் ரேஷ்மி பார்த்துவிட்டு முகம் வாடினார். தையல் விட்டு, திருப்பி வைத்த சதையின் ஓரம் கருகி, சின்ன விரல் நுனி போகிற அளவுக்கு ஓட்டை. ஸ்ட்ரா வைத்துக் குடித்தாரா என்றார். இல்லை. மூக்கைப் பலமாகச் சிந்தினாரா? இல்லை. முறுக்கு, சீடை? சத்தியமாக இல்லை. ஒன்றும் புரியாமல் எழுதிக்கொண்டார். உடனே திரும்பத் தைக்க முடியாது, இரத்த ஓட்டம் சரியாகச் சில மாதம் ஆகும், அதுவரை ஓட்டையை அடைக்க ஒரு பிளேட் செய்து தருகிறோம் என்றார்.

இப்போது அத்தானின் பேச்சைச் சொல்ல வேண்டும். காற்று பாதி மூக்கு வழியாகப் போனதால் வல்லினம் எல்லாம் மெல்லினமாகிவிட்டது. "பகவதி" என்று அக்காளைக் கூப்பிட்டால் "மகவநி" என்று வந்தது. அக்காள் ஒருநாள் பதில் சொன்னாள், மறுநாள் அடுப்படியில் போய் அழுதாள். பிளேட் வந்த பிறகு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஓரளவு புரிந்தது. போனில் புரியவில்லை. பிளேட் ஆடி டக் டக் என்று சத்தம் போட்டது. காட்டாக்கடைக் கடைக்காரர் ஒருவர் லைன் சரியில்லை என்று மூன்று தடவை வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

மைதீன் முதலாளி நல்ல மனிதர். அதனால்தான் அவர் சொன்னது வலித்தது. "அண்ணாச்சி, ஒங்க சீட்டு ஒங்களுக்குத்தான். பேச்சு சரியாயிட்டு வந்து உக்காருங்கோ. அதுவரைக்கும் கணக்கு எழுதுற நம்ம ஷில்பா போனப் பாக்கட்டும். நீங்க கோடவுன்ல இருந்து சாக்கு ஏத்தி எறக்குறதப் பாத்துக்கிடுங்கோ. சரியாவலைண்ணாலும் கவலப்படாண்டாம், கோடவுன் நிரந்தரம்."

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டு அத்தான் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஆரியசாலைச் சந்துக்குள் இருக்கும் அந்தக் கோடவுனில் பேச ஆளில்லை. மிளகாய் வற்றல் மூட்டையும் மல்லி மூட்டையும் இருக்கும், தும்மல் வரும். தும்மினால் பிளேட் கழன்றுவிடும்.

பிளேட்டைப் பற்றித் தனியாக ஒரு புராணம் எழுதலாம். சாப்பிட்டவுடன் கழற்றிக் கழுவ வேண்டும். எச்சிலுக்கு இவ்வளவு பயந்த மனிதர் தன் எச்சிலையே கையில் எடுத்துக் கழுவ வேண்டியதாயிற்று. அதை வைக்க ஒரு கிண்ணம், கிண்ணம் மற்றப் பாத்திரத்தோடு சேராமலிருக்க ஒரு சிவப்பு நூல், அந்த நூலைப் பார்த்துக் கோயில் பிரசாதம் என்று எடுத்த வேலைக்காரிக்கு ஒரு விளக்கம். விளக்கமும் மூக்கு வழியாகத்தான். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, கிண்ணத்தைக் கும்பிட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து அடுத்த ஆபரேஷனுக்குத் தேதி பார்க்கப் போனோம். வெயில் காலம். ஓ.பி.யில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் அறைக்குள் போனதும் அத்தானுக்கு விக்கல் எடுத்தது. பையிலிருந்து பாட்டிலை எடுத்தார், பிளேட்டை நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தார், ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அங்கிளே, ஒந்நுகூடி குடிச்சே," என்றார். அத்தான் பாராட்டு என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து இன்னொரு தடவை குடித்துக் காட்டினார்.

"ஆபரேஷன் கழிஞ்ஞும் இங்ஙனெ தன்னெயாணோ குடிச்சது?"

"பின்னே? வாய் வைக்கிற சீலம் இல்ல டாக்டர்."

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். தலையை அண்ணாந்து, வாயை மூடாமல் விழுங்கினால், நாக்கு மேலே போய் அண்ணத்தை இடிக்கும். ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு இடி. மேலே இருந்து விழும் தண்ணீரும் தெறித்து அடிக்கும். ஆறாத தையல் அதைத் தாங்காது. இத்தனை வருஷத்தில் இதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லையாம். ஸ்ட்ராவைத் தடுக்கத் தாளில் வரி இருக்கிறது, சொம்பைத் தடுக்க இல்லை. "ஆராணு கொடுத்தது? நீங்களே தூக்கிக் குடிச்சதா?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தான், "நானேதான் குடிச்சேன்," என்றார். பிளேட் இருந்ததால் தெளிவாகவே வந்தது.

அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அவரைப் பிடிக்காமல் நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு அதுவும் போயிற்று. ஒரு மனிதனின் குரலை என் கையால் ஊற்றிக் கெடுத்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு, அவரைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்தேன். பாளையம் சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. அவர்தான் முதுகில் தட்டினார்.

டாக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இந்தத் தடவை அண்ணத்தில் திருப்பி வைக்கப் பக்கத்துச் சதை மிச்சம் இல்லை. நாக்கின் மேல்தோலில் ஒரு பட்டை எடுத்து, அது அறுந்துபோகாமல் நாக்கோடு ஒட்டியிருக்கும்போதே மறுமுனையை ஓட்டையில் வைத்துத் தைப்பார்கள். மூன்று வாரம் நாக்கு மேலண்ணத்தோடு தைக்கப்பட்டே இருக்கும். அங்கே இரத்த ஓட்டம் பிடித்த பிறகு வெட்டிப் பிரிப்பார்கள். அந்த மூன்று வாரமும் டம்ளரை உதட்டில் வைத்துத் துளித்துளியாகத்தான் குடிக்க வேண்டும். "ஒரு மாசம் டைம். வாய் வச்சுக் குடிக்கப் படிச்சிட்டு வந்து காட்டணும். காட்டினாத்தான் தேதி. இது தைக்கிறதுக்கு அப்புறம் வேற எடுக்க எடமில்ல."

ஐந்தில் வளையாதது ஐம்பத்தாறில் வளைய வேண்டும். வீட்டில் பழக முடியாது, அக்காள் பார்த்துவிட்டால் முப்பது வருஷப் பிரசங்கமும் போச்சு. அதனால் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், துணிப்பையில் சொந்த டம்ளரைப் போட்டுக்கொண்டு என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்.

முதல் நாள் டம்ளரின் விளிம்பைக் கடித்தார். இரண்டாம் நாள் மூக்கு தண்ணீரில் முங்கியது. மேலுதடு என்ன செய்ய வேண்டும் என்று அதற்கே தெரியவில்லை. சட்டை முன்பக்கம் நனைந்து, பத்திர நகல் எடுக்க வந்த வக்கீல் குமாஸ்தாக்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "உதட்டைக் குவியுங்க அண்ணாச்சி, விசிலடிக்கிற மாதிரி," என்று யோசனை சொன்னார். அத்தான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் நகல் வாங்காமலே போய்விட்டார்.

"நீ குடிச்சுக் காட்டுலே," என்றார் என்னிடம். காட்டினேன். குனிந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் செய்த எதையும் அவர் அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

இரண்டாவது வாரம் ஒருநாள் கடையில் ஆளில்லாதபோது கேட்டேன். "அத்தான், டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க? ஊத்துனது நான்தானே?"

அவர் டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "ஒங்க அக்காளுக்குத் தெரிஞ்சா ஒன்ன வீட்டுக்குள்ள சேக்க மாட்டா. பொறவு ஆஸ்பத்திரியில எனக்குக் கூட இருக்க ஆரு இருக்கா? ஒனக்குத்தான வேலை இல்ல," என்றார்.

நன்றி சொல்லலாம் என்று வந்த வாயை மூடிக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் அது நடந்தது. எதிர்க்கடையிலிருந்து காப்பி வாங்கி அவர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். உதட்டில் வைத்தார். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. இரண்டாவது மடக்கும் உள்ளே போனது. டம்ளரை எடுக்காமல் அப்படியே இருந்தார். கீழே வைத்தபோது கண் கலங்கியிருந்தது.

"சூடு உதட்டுல தெரியுதுலே," என்றார். "குடிக்கதுக்கு முன்னாலயே தெரியுது."

இது எல்லாருக்கும் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

டாக்டர் முன்னால் குடித்துக் காட்டித் தேறினார். ஆபரேஷன் நடந்தது. பைஸ்டாண்டர் அட்டை மறுபடியும் என் கழுத்தில். இந்தத் தடவை தாளில் ஆறாவதாக ஒரு வரி பேனாவால் எழுதியிருந்தது: தூக்கிக் குடிக்கக் கூடாது. அந்தத் தாளை இப்போது எல்லாருக்கும் அப்படியே கொடுக்கிறார்களாம். அத்தானால் ஆஸ்பத்திரிக்கு ஒரு வரி லாபம்.

மூன்று வாரம் நாக்கு மேலே தைத்திருந்தது. ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீருக்கு நாற்பது நிமிஷம். நான் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன், அவர் உதட்டை வைப்பார், துளி துளியாக இறங்கும். சில நேரம் டம்ளர் அதிகமாகச் சாயும். சாய்ந்தால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். அவர் கண்ணாலேயே, பதறாதே என்பார். பேச முடியாது. வேண்டியதை என் கடையில் வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார். பெரும்பாலும் திட்டுதான். "முப்பது வருஷத்துல இப்பத்தான் நான் சொல்லவந்தத முழுசாச் சொல்லி முடிக்கேன்," என்றாள் அக்காள். சொல்லிவிட்டு, முடிக்க ஒன்றும் இல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் தாளில், "கோடவுன்ல ஈரம் வரும். மல்லிய மேல ஏத்தச் சொல்லு," என்று எழுதினார். அதன் கீழேயே, "இது சரியாவலைண்ணா நான் அங்கதான்," என்று எழுதி, அதை அடித்துவிட்டார். அடித்த பிறகும் படிக்க முடிந்தது.

இருபத்திரண்டாம் நாள் நாக்கை வெட்டிப் பிரித்தார்கள். பட்டை மேலே ஒட்டிப் பிடித்திருந்தது. மேலும் ஒரு மாதம் விட்டு டாக்டர் ரேஷ்மி சோதித்தார். டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். குடித்தார். குனியச் சொன்னார். மூக்கில் ஒரு சொட்டு வரவில்லை. மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ப, ப, ப என்று சொல்லச் சொன்னார். கண்ணாடியில் ஆவி படியவில்லை. "அடஞ்ஞு," என்றார் டாக்டர், ஓட்டை மூடிவிட்டது என்று. அக்காள் சாமியைக் கூப்பிட்டாள். அத்தான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து அழுதேன். வேறு யாரும் அழவில்லை. செக்யூரிட்டி வந்து, ஆரு மரிச்சு என்று கேட்டான்.

பேச்சு வந்தது. புரியும் பேச்சு, தெளிவான பேச்சு. ஆனால் நாக்கிலிருந்து ஒரு பட்டை போயிருந்ததால் அது பழைய வேகத்துக்குப் புரளவில்லை. ழகரம் தடித்தது, ரகரம் வழுக்கியது. குரலும் முன்னைவிடக் கனத்து, கொஞ்சம் வயதாகி வந்தது. பயிற்சி செய்தால் இன்னும் தேறும், பழையபடி முழுசாக வராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வீட்டில் நாங்கள் இரண்டு நாளில் பழகிவிட்டோம். முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறவர்களுக்குக் குரல் பெரிதில்லை.

திங்கட்கிழமை காலையில் ஸ்கூட்டரில் சாலைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் விட்டேன். மைதீன் முதலாளி எழுந்து நின்று கையைப் பிடித்தார். ஷில்பா நாற்காலியைத் துடைத்துவிட்டு, "இருங்கோ அங்கிள்," என்று போனையும் ஆர்டர் நோட்டையும் அவர் முன்னால் வைத்தாள். பாதிக் கடைக்காரர்களை அவள் வாட்ஸ்அப்புக்கு மாற்றிவிட்டிருந்தாள். மீதிப் பேர் இன்னும் போன்தான். அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். நான் போயிருக்கலாம். ஜெராக்ஸ் கடை பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் முதல் போன் வரட்டும் என்று மிளகாய் மூட்டை ஓரமாக நின்றேன்.

போன் அடித்தது. விதுராவிலிருந்து ஹரிகுமார். எஸ்டேட் தொழிலாளர் லயங்களுக்குச் சரக்குக் கொடுக்கிற கடை, இருபத்துநாலு வருஷப் பழக்கம், ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. அவன் பேசுவது மூன்று கடைக்குக் கேட்கும்.

"மைதீன் கடை," என்றார் அத்தான்.

"ஆராணு?" என்றது போன். "தாணு அண்ணனில்லே?"

அத்தான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். ஷில்பா என்னைப் பார்த்தாள். நான் கத்தியிருக்கலாம். அவர்தான்யா பேசுகிறார், நான் தண்ணீரை ஊற்றிக் கெடுத்த வாயடா அது என்று போனைப் பிடுங்கிச் சொல்லியிருக்கலாம். மிளகாய் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தான் எதிரே சுவரைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

"அண்ணன் லீவிலாணு," என்றார். "ஞான் புதிய ஆளாணு. ஆர்டர் பறஞ்ஞோ."

ஹரிகுமார் சொன்னான். மட்டை அரிசி ஆறு, வன்பயறு ஒன்று, வற்றல் அரைச் சாக்கு. அத்தான் நோட்டில் எழுதினார், கையெழுத்து பழைய கையெழுத்துதான். வைக்கப் போகும்போது ஹரிகுமார் இன்னும் ஒன்று சொன்னான். அண்ணனைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டும், சீக்கிரம் வரச் சொல்ல வேண்டும், அந்தச் சத்தம் இல்லாமல் கடை திறக்கவே பிடிக்கவில்லை என்றான்.

"பறயாம்," என்றார் அத்தான்.

போனை வைத்தார். எழுதியதை ஒருமுறை சரிபார்த்து, தாளைக் கிழித்து ஷில்பாவிடம் நீட்டினார். என் பக்கம் திரும்பவில்லை. நோட்டில் அடுத்த பெயரைப் பார்த்து எண்ணை அழுத்தினார். மறுமுனையில் எடுத்தார்கள். இந்தத் தடவை அவர்கள் கேட்பதற்கு அவர் காத்திருக்கவில்லை.

"மைதீன் கடையிந்நாணு," என்றார். "புதிய ஆளு."